பீரோ அறைக் கம்பளம்

எதிர் வெற்றிலைக் கடைக்காரர் முந்தாநாள் காலையில் ஒரு சுருளைத் தூக்கி வந்து, நீங்கள் துணி வெட்டும் மேசைமேல் போட்டார். "அரியலூரு பெரிய வூட்டு ஆளு நேத்து பஸ்ஸுல போட்டுக்கிட்டு வந்தாரு. கடை சாத்திருந்துச்சு, நான் வாங்கி வெச்சேன்" என்றார். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மழையில் நனைந்த கம்பளி வாடையும் அந்துருண்டை நெடியும் சேர்ந்து கடை முழுக்க நிறைந்தது. அந்தக் கம்பளத்தோடு நான் இருந்தது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உங்களைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷன் என்றார்கள், நானும் தலையாட்டினேன். இப்போது குறை சொல்லப் போகிறேன். கேட்க நீங்கள் இல்லை என்று தெரியும். இருந்தபோது மட்டும் கேட்டீர்களா என்ன? மூன்றாம் வகுப்பு வரை படித்தவளின் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோணல் என்றாலே நான்தான் என்று ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு எரியும், மேடு வந்தால் ஆண்கள் இறங்கி நடக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்ச் சேருவதற்குள் முகத்தில் கரி அப்பிவிடும். பெரிய வீட்டு ஐயா, திருச்சியில் ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது ஏலம் போட்ட சாமான்களில் அந்தக் கம்பளத்தை எடுத்திருந்தார். கருஞ்சிவப்பு, விரலை வைத்தால் பாதி விரல் உள்ளே போகும். அந்த பங்களாவில் உடுப்பு மாற்றும் அறையில் சுவருக்குச் சுவர் விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு பீரோ அறையிலும் அப்படியே விரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வீட்டு அம்மாவுக்கும் சிமெண்டுத் தரையில் பாதம் பட்டால் மரத்துப் போகும். வில்வண்டி மெத்தை, திண்டு எல்லாம் தைத்துக் கொடுத்தவர் என்று உங்களைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பீரோ அறை என்றால் நகையும் பட்டும் இருக்கும் அறை. அம்மாவின் படுக்கை அறையைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். வெளி ஆண்பிள்ளை அங்கே கால் வைக்க முடியாது. அதற்காகத்தான் என்னைக் கூட்டிப் போனீர்கள். உள்ளே போய் அளவு எடுப்பது நான், வெளியே வண்டிக் கொட்டகையில் வெட்டுவது நீங்கள் என்று ஏற்பாடு. போகும் வழியில் பஸ்ஸில் கடலையை உடைத்து உடைத்து என் மடியில் போட்டுக்கொண்டே வந்தீர்கள். "ஒண்ணும் பயப்படாத, ஒரு ரூமு அளவுதானே" என்றீர்கள். நன்றாகத்தான் இருந்தது அந்தப் பயணம். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அறையைப் பார்த்ததும் எனக்கு மலைப்பாக இருந்தது. மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய இடத்தைச் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். நுழையும்போது அகலம். உள்ளே போகப் போக வலது சுவர் சாய்ந்து வந்து, கடைசியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒடுங்கிவிடும். வாசலை ஒட்டிய இடது மூலையில் பாதித் தூண் ஒன்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு மூலைகூட நேராக இல்லை. அளவு நாடாவை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிட்டேன்.

ஐயா படித்துப் போட்ட பழைய பேப்பர்களைக் கேட்டு வாங்கினேன். பக்கம் பக்கமாக யுத்தச் செய்தி. அவற்றைக் கஞ்சிப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டித் தரை முழுக்கப் பரப்பி, சுவரோரத்தில் நகத்தால் அழுத்தி மடிப்பு வாங்கி, அந்த மடிப்பின் மேலேயே கத்திரியை ஓட்டினேன். தூணின் வளைவுக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை வெட்டி வெட்டிப் பார்த்தேன். வாசல் பக்கம் "வாசல்" என்றும், தூண் பக்கம் "தூண்" என்றும் கரித்துண்டால் எழுதினேன். அரை நாள் முட்டி போட்டபடி செய்த வேலை அது. கடைசியில் அந்தக் காகிதம் தரையோடு தரையாக, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் படிந்து கிடந்தது.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "டைலரு சம்சாரம்தானே நீ? உனக்கு வெட்டவும் வருமா?" என்று கேட்டார்.

"ரவிக்கையெல்லாம் நான் வெட்டுறதுதாங்கம்மா."

"இங்க ஒரு மிஷினு தூசி படிஞ்சு கிடக்கு. பொண்ணுங்க ரெண்டும் சும்மாத்தான் இருக்குதுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து வெட்டவும் தைக்கவும் சொல்லிக் குடேன். பஸ்ஸுக்கு நாங்க பாத்துக்குறோம்."

இதை அவர் என்னிடம் கேட்டார். டைலரைக் கேட்டுச் சொல் என்று சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒருவர் என் கைக்காகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பதிலுக்குச் சிரித்து வைத்தேன். அந்தக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

கொட்டகையில் கணக்குப்பிள்ளையும் வண்டிக்காரரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். செருப்புத் தைப்பவரிடம் கத்தி ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தீர்கள். மேற்புறம் கத்தி வைத்தால் கம்பளி பிய்ந்துவிடும், முதுகுப் பக்கம்தான் வெட்ட வேண்டும் என்று சரியாகத்தான் சொல்லி, கம்பளத்தைக் குப்புறப் போட்டீர்கள். அதன்மேல் என் காகிதத்தை, எழுத்து மேலே தெரியும்படி விரித்தீர்கள்.

கம்பளம் குப்புறக் கிடந்தால் காகிதமும் குப்புறக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் வலது இடதாகிவிடும். ரவிக்கை வெட்டும் எனக்கு இது தெரிந்தபோது, கோட்டு வெட்டும் உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. நீங்கள் எப்போதும் துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் வலது பாகத்தையும் இடது பாகத்தையும் சேர்த்தே எடுப்பவர். காகிதம் எப்படிக் கிடந்தாலும் உங்களுக்கு இரண்டும் கிடைத்துவிடும். எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கமே உங்களுக்கு இல்லை. நானோ மிச்சத் துணியில், ஒற்றைத் துண்டில், முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி என்று பார்த்துப் பார்த்து வெட்டியவள்.

"ஏங்க, எழுத்து கீழ போகணுமுங்க. கம்பளம் குப்புறல்ல கிடக்கு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரர், "டைலருக்கே பாடமா?" என்று சிரித்தார். உங்கள் காது சிவந்துவிட்டது.

"இருபது வருசமா வெட்டுறேன், எனக்குத் தெரியாதா? நீ உள்ளாற போ" என்றீர்கள்.

நான் உள்ளே போனேன். கத்தி கம்பளத்தில் இறங்கும் கரகர சத்தம் கேட்டது. அப்போது ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. என் பங்குக்கு நான் செய்த தப்பு அது, அதை மறைக்கவில்லை.

நானும் இரண்டு வேலைக்காரப் பெண்களும் சேர்ந்து தூக்கிப் போய் விரித்தோம். விரிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கம் கடைசியில் முக்கோணமாகச் சிமெண்டு தெரிந்தது. வலது பக்கம் கம்பளம் சாய்ந்த சுவரின்மேல் ஏறி நின்றது. தூணுக்காக விட்ட அரைவட்டப் பள்ளம், தூணே இல்லாத மூலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அம்மாவும் அவர் பெண்கள் இரண்டு பேரும் முதலில் கம்பளத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஐயா கூடத்தில் நின்று உங்களைக் கேட்டது, படுக்கை அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. "என்னய்யா இது, இப்படி ஆயிடுச்சு?"

நீங்கள் சொன்ன பதிலை நான் ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "உள்ளாற போயி அளவெடுத்தது அவதானுங்க ஐயா. காயிதம் எப்படி இருந்துச்சோ அப்படித்தான் நான் வெட்டுனேன்."

பொய் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அளவெடுத்தது நான்தான். காகிதம் கிடந்தபடிதான் வெட்டினீர்கள். எத்தனை சாமர்த்தியம்! ஐயா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சிரித்தார். "பொம்பளை அளவை நம்பி வெட்டுனா இப்படித்தான்" என்றார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உங்கள் குரலும் லேசாகக் கலந்திருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றவளுக்குக் கேட்காது என்று நினைத்தீர்களா?

நான் வெளியே வந்து, இல்லைங்கய்யா, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்கிய பொம்பளை என்று அதற்கொரு பெயர் வந்திருக்கும். எந்தப் பெயர் வேண்டும் என்று என்னை யார் கேட்டார்கள்?

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். சுவரில் ஏறி நின்ற முக்கோணத்தை வெட்டி எடுத்தேன். அதை அப்படியே இடது பக்கம் வைத்தால் பொருந்தவில்லை, அதுவும் மாறித்தான் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதன் நடுவில் ஒரு வெட்டுப் போட்டு இரண்டு துண்டாக்கி, இரண்டையும் இடம் மாற்றித் திருப்பி வைத்தேன். உட்கார்ந்துவிட்டது. தூணடியில் வெட்டிய துண்டை எதிர் மூலைப் பள்ளத்தில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். கம்பளி படிந்த திசை மாறியதால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு விரல் சிமெண்டுகூடத் தெரியவில்லை. அம்மா வந்து வெறும் காலோடு அதன்மேல் நடந்து பார்த்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸிலும் கடலை வாங்கினீர்கள். நான் மடியை விரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கதை நம்மை முந்திக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது. வண்டிக்காரர் சந்தையில் சொன்னார், சந்தைக்கு வந்தவர்கள் அவரவர் ஊரில் சொன்னார்கள். அரும்பாவூரில் என் தங்கை மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, "அந்தக் கோணக் கம்பளத்து அம்மாதானே நீங்க?" என்று முன்பின் தெரியாத ஒருத்தி என்னிடம் கேட்டாள். குரும்பலூரிலிருந்து வரும் பெண்கள் ரவிக்கைத் துணியை உங்கள் கையில் கொடுத்து, "நீங்க வெட்டிக் குடுங்க, அவங்க தைக்கட்டும்" என்றார்கள். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கடைக்குள்ள ஒரு கைதான் வெட்டணும்" என்று புதிதாக ஒரு சட்டம் போட்டீர்கள். அதற்கு முன் பத்து வருஷம் இரண்டு கை வெட்டிய கடை அது. என் கத்திரியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆறு வருஷம் நீங்கள் வெட்டிப் போட்டதை நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்னை அடித்தவர் இல்லை. குடித்தவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவீர்கள். மகளைக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்தபோது என்னைவிட அதிகம் அழுதது நீங்கள்தான். அதனால்தான் ஒரு நாள் வரும், நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சோறு போடும்போது காத்திருந்தேன். கடைசிக் காய்ச்சலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னபோதும் காத்திருந்தேன். மிஷினுக்கு எண்ணெய் விடச் சொன்னீர்கள். பூலாம்பாடிக்காரர் சட்டை பாக்கி இருக்கிறது என்றீர்கள். அதைச் சொல்லவே இல்லை.

இப்போது கம்பளம் வந்துவிட்டது. ஓர் ஓரத்தை எலி கடித்திருந்தது. அதைக் கொண்டுவந்த ஆள், "டைலரு இல்லேன்னாலும் அவரு சம்சாரம் வந்து விரிச்சுக் குடுத்தா போதும்னு அம்மா சொன்னாங்க" என்று வெற்றிலைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு வருஷமாக அரியலூர்ப் பக்கமே நான் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் இனி இந்தக் கடையில் வெட்ட ஒரு கைதான் இருக்கிறது, அது என் கை. பெட்டியைத் திறந்து கத்திரியை எடுத்தேன். கடித்த இடத்தைச் சதுரமாக வெட்டி, அன்று நான் தைத்தபோது உள்ளே மடித்துவிட்டிருந்த ஓரத்திலிருந்து துண்டு எடுத்து ஒட்டினேன். நேற்று பஸ் ஏறிப் போனேன்.

அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். தையல் மிஷின் மூத்தவளோடு சீராகப் போய்விட்டதாம். பீரோ அறையில் கம்பளத்தை விரித்து முடித்து நான் எழுந்தபோது, அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "பாத்து, பாத்து. முட்டி வலி இப்ப தேவலையா?" என்று கேட்டார்.

"எனக்கு ஏதுங்கம்மா முட்டி வலி?"

"அதனாலதானே நீ வரலே? வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லுன்னு மூணு தரம் உன் வூட்டுக்காரருகிட்ட சொல்லி அனுப்பிச்சேன். முட்டி வலி, பஸ்ஸுல ஏற முடியலேன்னு ஒவ்வொரு தரமும் சொன்னாரு. அப்புறம்தான் வேற ஆளு வெச்சோம்."

"அளவைத் தப்பா எடுத்தவளை மறுபடியும் எதுக்குங்கம்மா கூப்பிட்டீங்க?" என்றேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நீ எங்க தப்பா எடுத்தே? அடுத்த வாரமே வண்டி மெத்தை கொண்டாந்தப்ப ஐயா முன்னாடி நின்னு அவரே சொல்லிட்டாரே. 'அவ சொன்னா, நான் கேக்கல. தப்பு என்னோடதுங்க'ன்னு. கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு. ஐயாகூட அப்புறம் அவர் மேல ரொம்ப மரியாதை வெச்சிருந்தாரு. ஏன், உங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னாருங்கம்மா" என்றேன். நாலு பேர் முன்னால் உங்களைப் பொய்யனாக்க எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை பாருங்கள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு மனசாட்சி இல்லை என்று இத்தனை நாள் நினைத்து ஒருவாறு ஆறியிருந்தேன். மனசாட்சி இருந்திருக்கிறது, ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியாத மனசாட்சி. அதை எடுத்துக்கொண்டு இருபது மைல் பஸ்ஸில் போய், ஐயா முன்னால் இறக்கி வைத்து, மரியாதை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டீர்கள். நான் அங்கே போனால் விஷயம் வெளிவந்துவிடும் என்று எனக்கு இல்லாத முட்டி வலியை உண்டாக்கினீர்கள். பெரிய வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை, கடையில் உங்களுக்குப் பத்து அடி தள்ளி மிஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சந்தையில் அதையும் சொல் என்று சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? ஐயாவிடம் தலைகுனிந்தால் அது மரியாதை, என்னிடம் குனிந்தால் கேவலமா?

ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. நான் ஆறு வருஷம் காத்திருந்த வார்த்தை எனக்குக் கிடைத்துவிட்டது. அவ சொன்னா, நான் கேக்கல, தப்பு என்னோடது. இனி அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. நேற்றிலிருந்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன், உங்கள் குரலில் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் குரல்தான் வருகிறது.